ஓடியவரும் ஓட வைத்தவரும்

ஊர் கூடி விழா எடுக்கும் வேளையில் நம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களை நினைப்பது நன்றியறிதலின் முதற் கடமையாகும். பாடம் சொல்லித் தந்தவர்களை நாம் எளிதில் நினைவுகூர்கிறோம். ஆனால், 'டிரில் வாத்தியார்' என்று கூப்பிட்டுப் பழகிய உடற்பயிற்சி ஆசிரியரை மேடைக்கு அழைக்க மறந்துவிடுகிறோம். விசில் ஊதுவதோடு அவர் வேலை முடிந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதை உணர்த்த, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் வாழ்ந்து மறைந்த ஓர் ஓட்டப் பயிற்சியாளரின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம். அவர்தாம் ஓ. எம். நம்பியார்.

கோழிக்கோடு மாவட்டம் வடகரையை அடுத்த மணியூரைச் சேர்ந்த நம்பியார், இளமையில் இந்திய விமானப் படையில் பணியாற்றியவர். அங்கே அவரும் ஓட்டக்காரரே. இந்தியாவின் சார்பில் பன்னாட்டுப் போட்டியில் ஓடும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. படைப் பணி முடித்தபின், பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் கற்றுத் தேர்ந்து, கேரள விளையாட்டுக் கவுன்சிலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

1976ஆம் ஆண்டில் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டுப் பள்ளிப் பிரிவைத் தொடங்கியது. அதில் சேர்ந்த 40 சிறுமியருள் ஒருத்தி, பய்யோளியில் வளர்ந்த பி. டி. உஷா. அப்போது வயது பன்னிரண்டு. மெலிந்த உடல், எளிய குடும்பம். அச்சிறுமியிடம் அடங்கியிருந்த வேகத்தைக் கண்டுகொண்ட கண் நம்பியாருடையது.

இந்நாளில் பல பள்ளிகளில் 'கவுன்சிலர்' என்று ஒருவரை நியமித்து, பிள்ளைகளின் மனக்குறை கேட்கச் செய்கின்றனர். அந்நாளில் பெரும்பாலான பள்ளிகளில் அப்படியொரு பதவியே கிடையாது. வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கிய பிள்ளைக்குச் சோர்வு வந்தாலும், காலில் வலி கண்டாலும், தோல்வியால் மனம் ஒடிந்தாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் பயிற்சியாளரே. பெண் பிள்ளை மைதானத்தில் ஓடுவதா என்று ஊர் கேட்ட காலம் அது. பெற்றோரின் நம்பிக்கையையும் அவரே ஈட்ட வேண்டியிருந்தது. நவீன ஓடுதளம் அருகில் இல்லாத குறையைப் பய்யோளிக் கடற்கரை தீர்த்தது. ஈர மணலிலும் அலை நீரிலும் உஷா ஓடிப் பழகினார்.

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் உஷா முதற் சுற்றோடு திரும்பினார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி பெற்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்படவே, நம்பியார் தம் மாணவியை அதற்குப் பழக்கினார். அவ்வோட்டத்தில் தடைகள் பத்து. ஒவ்வொன்றின் உயரம் 76.2 சென்டிமீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து 45 மீட்டரில் முதல் தடை. பின்னர் 35 மீட்டருக்கு ஒன்று. தடைக்குத் தடை இத்தனை எட்டு என்று எண்ணி ஓட வேண்டும். எட்டுக் கணக்குப் பிசகினால் வேகம் போய்விடும். வேகமும் கணக்கும் ஒருங்கே வேண்டப்படும் இவ்வோட்டத்தில் அரையிறுதியில் உஷா முதலாவதாக வந்தார்.

இறுதிப் போட்டியில் முதல் தொடக்கம் பிழையாகி, மீண்டும் ஓட நேர்ந்தது. மொராக்கோவின் நவால் 54.61 விநாடியில் தங்கம் வென்றார். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கொஜோகாரு எடுத்த நேரம் 55.41 விநாடி, உஷா எடுத்தது 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் நழுவிற்று. அவ்வேகத்தில் அது ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் தூரமே. நம் கைவிரல்கள் நான்கைச் சேர்த்து வைத்த அகலம்!

நாடே வருந்திய அந்த நேரத்தில், இருபது வயது நங்கையை மறுபடியும் ஓடுதளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது எளிய காரியமா? அடுத்த ஆண்டே, 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில், உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். தோல்விக்குப் பின் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதே பயிற்சியின் உயிர்நிலை என்பதை இவ்வெற்றிகள் உணர்த்துகின்றன.

பயிற்சியாளர்க்கென அரசு ஏற்படுத்திய துரோணாச்சாரியார் விருது 1985இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். மாணவிக்கு 1985இலேயே பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசானுக்கோ 2021ஆம் ஆண்டில்தான் அவ்விருது அறிவிக்கப்பட்டது. இடையே முப்பத்தாறு ஆண்டுகள்! அதே ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், தம் 89ஆம் வயதில் அவர் காலமானார்.

காங்கேயம் மண்ணில் பிறந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளரும் கன்றைப் பருவம் வருமுன் நம் குடியானவர் நுகத்தில் பூட்டமாட்டார். அதன் சுபாவம் அறிந்து, பொறுத்துப் பழக்குவார். மாட்டுக்குக் காட்டும் அப்பொறுமையை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா? தேர்வு நெருங்கினால் டிரில் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும், ஓடியது போதும் என்று நிறுத்திவிடுகிறோம். பந்தயத்தில் தோற்று வந்த பிள்ளையை ஏச முந்துகிறோம். இம்மூன்றையும் இவ்விழா ஆண்டிலேனும் கைவிட்டால், நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பெரும் நன்மை விளையும்.

நல்லாசிரியரின் பணி ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற உஷா, 2002இல் கொயிலாண்டியில் சிறுமியர்க்கெனத் தாமே ஓட்டப் பள்ளி தொடங்கினார். அவரிடம் பயின்ற டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். நம்பியார் இட்ட விதை இவ்வாறு மரமாகி, மீண்டும் விதை தந்தது. நம் ஊரிலும் மைதானத்து வெயிலில் நின்று நம்மை ஓடப் பழக்கிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடையே வாழும்போதே தேடிச் சென்று நன்றி சொல்வோமாக.