தொட்டி மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு

பள்ளித் தோட்டத்தில் செடி வாடினால், நீர் ஊற்றிய மாணவரையே முதலில் கடிந்துகொள்கிறோம். தொட்டியில் நிரப்பிய கலவை எத்தகையது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வுக் கழகத்தில் நாற்றுகள் மடிந்துகொண்டிருந்தன. அக்காலத் தோட்டக்காரர்கள் செடிக்கொரு கலவையைக் கையாண்டு வந்தனர். வில்லியம் லாரன்சும் நியூவெலும் ஆராய்ந்து, நீராவியில் தூய்மைப்படுத்திய தோட்ட மண் 7 பங்கு, பீட் எனப்படும் பாதி மக்கிய பாசி 3 பங்கு, பருமணல் 2 பங்கு எனப் பொதுக்கலவை ஒன்றை வகுத்தனர். மண் ஊட்டத்தைப் பிடித்து வைத்தது. பீட் ஈரத்தைக் காத்தது. மணல் மிகுநீரை வடித்தது.

1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் மண்ணையே விலக்கினர்; பீட்டுடன் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட்டைக் கலந்தனர். தொட்டியின் எடை குறைந்தது. ஆனால், ஊட்டத்தைச் சேமிக்கும் மண் இல்லாமையால், உரத்தைச் சிறுகச் சிறுக, தொடர்ந்து இடும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்ந்தது. வெர்மிகுலைட் நீரையும் ஊட்டத்தையும் ஓரளவு பிடித்து வைக்கும். பெர்லைட் காற்றோட்டம் தரும், ஊட்டத்தைப் பிடிக்காது. பீட் முற்றிலும் உலர்ந்துவிட்டாலோ, ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் தொட்டியின் ஓரமாக வழிந்தோடிவிடும்.

பீட்டுக்கு மாற்றாகப் பின்னர் பரவிய தேங்காய் நார்த்தூள், உலர்ந்தாலும் நீரை எளிதில் ஏற்கும். எனினும் அதில் உப்பு தங்கியிருக்கக்கூடும். நன்கு அலசியபின் பயன்படுத்துதல் நலம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! நாளுக்கு இருமுறை நீர் ஊற்று என்று கட்டளையிடுவதைவிட, கலவைக்குள் விரல் நுழைத்து ஈரம் அறியக் கற்பிப்போம். செடி வாடுவதற்கெல்லாம் பிள்ளையின் கவனக்குறைவே காரணம் ஆகாது.