சீழ்த்துணியில் கிடைத்த அமிலம்

டி.என்.ஏ.யின் வரலாற்றை, 1953ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் வாட்சனும் கிரிக்கும் அமைத்துக் காட்டிய இரட்டைச் சுருள் மாதிரியிலிருந்து தொடங்குவது பலரது வழக்கம். அப்பொருள் ஆய்வாளர் கைக்கு வந்து அப்போதே 84 ஆண்டுகள் கடந்திருந்தன. அக்காலத்தின் பெரும்பகுதியில், மரபுப் பண்புகளைச் சுமக்கத் தகுதியற்ற எளிய பொருள் என்று அறிஞர்களே அதை ஒதுக்கி வைத்திருந்தனர் என்பதே இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்கது.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், பழைய கோட்டையொன்றின் சமையலறையாக முன்பு விளங்கிய அறையில், 1869ஆம் ஆண்டு பிரீடரிக் மிஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மருத்துவம் பயின்றிருந்தும் காது மந்தமாக இருந்ததால் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலை விடுத்து, உயிரணு எவற்றால் ஆனது என்னும் கேள்வியைத் தொடர்ந்த அவர், மருத்துவமனையில் கழிக்கப்பட்ட கட்டுத்துணிகளைப் பெற்று, அவற்றில் படிந்திருந்த சீழை உப்புக் கரைசலால் அலசிச் சேர்த்தார். சீழ் பெரும்பாலும் இரத்த வெள்ளையணுக்களால் ஆனது. கிருமிநீக்க முறைகள் பரவாத அந்நாளில் அதற்குப் பஞ்சமும் இல்லை. பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்னும் செரிமான நொதியால் அணுக்களின் புரதத்தைச் சிதைத்து, அணுவின் நடுவிலுள்ள உட்கருவைத் தனியே பிரித்தபோது, புரதங்களில் வழக்கமாகக் காணப்படும் கந்தகம் இல்லாததும் பாஸ்பரஸ் மிகுந்ததுமான புதிய பொருளொன்று கிடைத்தது. உட்கருவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்கு ‘நியூக்ளின்’ என்று பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலரோ, சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்த பின்னரே வெளியிட இசைந்தமையால், கட்டுரை 1871இல்தான் அச்சேறியது.

பின்னாளில் பாசல் நகரில் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுக்களிலிருந்து இதே பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த மிஷர், 1892இல் தம் உறவினருக்கு எழுதிய கடிதமொன்றில், முப்பதுக்கு மேற்படாத எழுத்துகளால் மொழிகளின் சொற்கள் அனைத்தும் அமைவதுபோல மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாட்டாலேயே மரபுப் பண்புகள் அமையக்கூடும் என்று கருதினார். முதலெழுத்து முப்பது எனக் கொண்ட தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வுவமை புதிதன்று. வியப்பு என்னவெனில், அவர் மனத்தில் இருந்தவை புரதங்களே. தம் கையிலிருந்த நியூக்ளினை அவர் எண்ணவில்லை.

புரதங்களே மரபைச் சுமக்கின்றன என்னும் அவ்வெண்ணம் நீடித்ததற்குக் காரணமும் இருந்தது. டி.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலமாகப் பின்னர் அறியப்பட்ட நியூக்ளினில், நைட்ரஜன் காரங்கள் எனப்படும் அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கு அலகுகளே இருந்தன. புரதங்களிலோ இருபது வகை அமினோ அமிலங்கள். நான்கும் சம அளவில், ஒரே வரிசையில், திரும்பத் திரும்ப வருகின்றன என்று நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லெவீன் விளக்கியது, நான்கெழுத்துச் சொல் ஒன்றையே முடிவின்றி உச்சரிப்பது போன்றது. அதில் செய்தி எதுவும் தங்க வழியில்லை.

இக்கருத்தை அசைத்ததும் அதே நிலையம்தான் என்பது குறிப்பிடத்தக்கது. நிமோனியா நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் ஒரு வகையிலிருந்து எடுத்த டி.என்.ஏ., மற்றொரு வகையின் பண்பை நிலையாக மாற்றிவிடுகிறது என்பதை ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி ஆகியோர் 1944இல் நிறுவினர். கலந்துவிட்ட சிறிதளவு புரதமே அம்மாற்றத்திற்குக் காரணமாகலாம் என்று ஐயுற்றவர் பலர். ஏவரிக்கு நோபல் பரிசு வழங்கப்படவேயில்லை. ஏவரி குழுவினரின் ஆய்வால் தூண்டப்பட்ட உயிர்வேதியியலாளர் சார்காப், நான்கு காரங்களின் விகிதம் உயிரினத்துக்கு உயிரினம் வேறுபடுவதையும், அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் அளவில் ஒத்திருப்பதையும் கண்டறிந்தபோது லெவீனின் கொள்கை வீழ்ந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் 1952இல் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம், அவர் அறியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அதன் துணையோடு உருவான மாதிரியைப் புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பிராங்க்ளின் 1958இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். நோபல் பரிசு 1962இல் வாட்சன், கிரிக், கிங்ஸ் கல்லூரியின் வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் சென்றது.

டி.என்.ஏ.யில் அந்நான்கு காரங்களாகிய எழுத்துகளின் வரிசை ஆளுக்கு ஆள் சிற்சில இடங்களில் மாறுபடுவதை அடையாளமாகக் கொள்ளலாம் என்பதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் 1984இல் கண்டறிந்தார். அம்முறை முதலில் பயன்பட்டது குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று; கானாவிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவனைப் பிரிட்டனின் குடியேற்ற அதிகாரிகள் ஐயுற்றபோது, அவன் தன் தாயின் மகனே என்று 1985இல் மெய்ப்பிப்பதற்காகும். குற்றப் புலனாய்வில் அது இடம்பெற்றது அதன் பின்னரே. அன்றுமுதல், மிஷர் அலசி எடுத்தது போன்ற கறைபடிந்த துணிகள் முத்திரையிடப்பட்ட சான்றுப் பொருள்களாக நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.