பெருந்தொற்றுக் காலத்தில் வங்கிகளைக் காத்தது எது?

2015 பிப்ரவரியில் யெஸ் வங்கி ரூ.1,000 கோடிக்குப் பசுமைக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. இந்தியாவில் அத்தகைய கடன்பத்திரத்தை முதலில் வெளியிட்ட வங்கி அதுவே. நிலைத்தன்மையில் சிறந்து விளங்கும் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் டௌ ஜோன்ஸ் குறியீட்டிலும் அதே ஆண்டில் அது இடம்பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 2020 மார்ச் 5-ஆம் தேதி, அவ்வங்கியின் வாடிக்கையாளர்கள் ரூ.50,000-க்கு மேல் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. கரோனாவை உலகளாவிய பெருந்தொற்றாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது அதற்கு ஆறு நாள்களுக்குப் பின்னர்தான்.

ஆக, அவ்வங்கியைச் சாய்த்தது தீநுண்மி அன்று. 2015-16 நிதியாண்டில் தனது வாராக்கடன் ரூ.749 கோடி என்று அது கணக்குக் காட்டியது. ரிசர்வ் வங்கி ஆய்வு செய்தபோது அது ரூ.4,925 கோடியாக இருந்தது. பசுமை அறிக்கை பளபளத்த அதே காலத்தில்தான் கணக்கேடு இந்த நிலையில் இருந்தது. 2019 மார்ச்சில் சுமார் ரூ.2.28 லட்சம் கோடியாக இருந்த வைப்புத்தொகை, ஓராண்டில் ரூ.1.05 லட்சம் கோடியாகச் சரிந்தது. 2019-20-இல் வங்கியின் இழப்பு ரூ.16,418 கோடி.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக வழங்கும் வழக்கம் முதலீட்டுச் சந்தையில் வேரூன்றிவிட்டது. மரக்கன்று நட்டதற்குக் கிடைக்கும் மதிப்பெண், தணிக்கைக் குழுவின் அசட்டையை ஈடுசெய்துவிடும் கணக்கு இது. வங்கிகளைப் பொருத்தவரை இந்தக் கூட்டலே பிழை என்பது என் கருத்து. நெருக்கடியில் முதலில் சோதனைக்கு உள்ளாவது நிர்வாகம்தான். ஏனைய இரண்டும் அதன் பின்னரே வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள, 2020-21-இல் வங்கி லாபம் என்பது எவ்வாறு உருவானது என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச் 27-இல் மூன்று மாதங்களுக்கு அறிவிக்கப்பட்ட தவணை ஒத்திவைப்பு, ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அத்தேதி வரை வாராக்கடனாக அறிவிக்கப்படாத கணக்குகளை மறு உத்தரவு வரும்வரை அவ்வாறு அறிவிக்கக் கூடாது என்று செப்டம்பர் 3-இல் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அது 2021 மார்ச் 23-இல்தான் விலக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு காலம், தவணை வராத கடனும் நல்ல கடனாகவே ஏட்டில் நின்றது. கைக்கு வராத வட்டியும் வருமானமாகப் பதிவானது.

ஒத்திவைப்புச் சலுகை பெற்ற, ஏற்கெனவே நிலுவையில் இருந்த கணக்குகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிபந்தனை விதித்தது. அதற்கு மேல் ஒதுக்குவதும் ஒதுக்காததும் இயக்குநர் குழுவின் பொறுப்பு. முன்னெச்சரிக்கையாகக் கூடுதல் தொகையை ஒதுக்கிய வங்கியின் லாபம் அந்த ஆண்டில் குறைந்து தோன்றும். கண்ணை மூடிக்கொண்ட வங்கியின் லாபம் கூடித் தோன்றும். எனவே, ஓராண்டின் லாபத்தையும் அதே ஆண்டின் நிர்வாக மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, 'நல்ல நிர்வாகத்தால் பயனில்லை' என்று முடிவுகட்டும் ஆய்வுகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன். நல்ல நிர்வாகத்தின் விலை உடனே கணக்கில் ஏறிவிடுகிறது. அதன் பலன் பின்னரே வருகிறது.

அரசின் பங்கையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. 8.5 சதவீதமாக இருந்த மொத்த வாராக்கடன் 2021 மார்ச்சில் 12.5 சதவீதமாக உயரக்கூடும் என்று 2020 ஜூலையில் ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. உண்மையில் அது 7.5 சதவீதமாகக் குறைந்தது. சிறு, குறு தொழில்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட ரூ.3 லட்சம் கோடி அவசரக் கடன் திட்டத்துக்கும் கடன் மறுசீரமைப்புக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும், அந்தக் குடை எல்லா வங்கிகளுக்கும் பொதுவாகவே விரிந்திருந்தது. அதன் கீழும் சில நனைந்தன.

கரூரில் பிறந்த இரு வங்கிகளை எடுத்துக்கொள்வோம். 1916-இல் தோன்றியது கரூர் வைஸ்யா வங்கி. 1926-இல் தோன்றியது லட்சுமி விலாஸ் வங்கி. ஒரே ஊர், ஒரே வணிகச் சமூகம், ஒரே ஜவுளித் தொழில் இரண்டையும் வளர்த்தன. சிறு வணிகருக்குக் கடன் கொடுத்துப் பழகிய லட்சுமி விலாஸ் வங்கி, பின்னாளில் பெருநிறுவனக் கடன்களின் பக்கம் சாய்ந்தது. 2017-18 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இழப்பு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் உடனடிச் சீர்திருத்த நடவடிக்கைக்கு உள்ளானது. 2020 செப்டம்பர் 25-ஆம் தேதி நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமைச் செயல் அதிகாரி உள்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்து வெளியேற்றினர். நவம்பர் 17-இல் பணம் எடுக்க ரூ.25,000 வரம்பு, நவம்பர் 27-இல் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைப்பு. வைப்பாளர்களின் பணம் தப்பியது. பங்குகளின் மதிப்பு முற்றிலுமாகத் துடைக்கப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து அப்பங்குகளைச் சொத்தாகக் காத்து வந்த குடும்பங்களுக்கு எஞ்சியது வெறும் காகிதம்.

கரூர் வைஸ்யா வங்கியும் குறையற்றதன்று. பெருநிறுவனக் கடன்களால் அதுவும் அடிபட்டது. 2020 மார்ச்சில் அதன் மொத்த வாராக்கடன் 8.68 சதவீதம். ஆனால் பெருந்தொற்று ஆண்டில் அது 7.85 சதவீதமாகக் குறைந்தது. நிகர லாபம் ரூ.235 கோடியிலிருந்து ரூ.359 கோடியாக உயர்ந்தது. வைப்பாளர் வரிசையில் நின்று பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை அங்கு வரவில்லை. வைப்பு நிலைத்திருந்தால் வங்கி அதிக வட்டிக்குக் கடன் தேட வேண்டியதில்லை. நம்பிக்கை லாபமாக மாறும் வழி இதுதான்.

சுற்றுச்சூழல் பொருட்டன்று என்று இதனால் ஆகிவிடாது. 2018-இல் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது, அவற்றை நம்பிக் கடன் கொடுத்த வங்கிகளும் சேர்ந்தே அடிபட்டன. ஆனால் அது பல்லாண்டுகளில் விளையும் இடர். அதை ஒரு பெருந்தொற்றின் அளவுகோலால் அளக்க முடியாது.

2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி புதிய நெறிகளை வகுத்தது. தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் தொடர்ந்து 15 ஆண்டுகளுக்கு மேல் பதவியில் நீடிக்க முடியாது. அவரே வங்கி நிறுவனராகவோ பெரும் பங்குதாரராகவோ இருப்பின் 12 ஆண்டுகள். தணிக்கைக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்கள் மட்டுமே இருக்க வேண்டும். அடுத்த மாதமே செபியும், சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையை 2022-23 முதல் கட்டாயம் அளிக்க வேண்டும் என்று அறிவித்தது. மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு செலவாயின என்பதெல்லாம் அதில் இருக்கும். வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டறிந்ததற்கும் உள்ள வேறுபாடு வரம்பைக் கடந்தால், அது நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் சிற்றெழுத்தில் இடம்பெறும். ஆண்டறிக்கை கைக்கு வந்தால், வண்ணப்படங்கள் நிறைந்த பக்கங்களைத் தள்ளிவிட்டு அந்தக் குறிப்பைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.