ஆலையிலிருந்து அடுப்படிக்கு: தூசியை அளந்த கதை

இந்தியாவில் தூசியைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கியது ஆலைக் கூரைக்குக் கீழே உள்ள காற்றைக் குறித்துத்தான். வெளிக்காற்று பிறகு வந்தது. வீட்டுக்காற்று இன்னும் வரவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தூசியும் புகையும் கிளம்பும் இடத்திலேயே அவற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1959-இல் டன்லப் டயர் ஆலையும், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. வயலும் ஏரியுமாக இருந்த மேற்குப் புறநகர் பதினைந்தே ஆண்டுகளில் பட்டறை ஊராகிவிட்டது.

பேட்டைத் தொழில்களில் தூசிக்குப் பேர்போனது பவுண்டரி. உருகிய இரும்பை ஊற்றும்போது கிளம்பும் புகை எல்லோர் கண்ணிலும் படும். நுரையீரலுக்கு அதைவிட ஆபத்தானது அதற்குப் பிந்தைய வேலை. வார்ப்பு ஆறியதும் மண் அச்சை உடைத்து, ஒட்டிய மணலை உதிர்த்து, பிசிறைக் கிரைண்டரில் சீவும்போது சிலிக்கா பொடியாகிக் காற்றில் ஏறும். பெருந்தூசி தரையில் படிந்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் மூச்சோடு ஆழத்துக்குப் போகும். இதன் கொடுமையைக் கோலார் தங்கவயல் முன்பே காட்டியிருந்தது. பெரும்பாலும் தமிழர்கள் உழைத்த அந்தச் சுரங்கங்களில் 1940-46-இல் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோருக்குச் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய் இருந்தது. ஆனாலும் ஆலைக்காற்றில் எந்தத் தூசி எவ்வளவு இருக்கலாம் என்ற அட்டவணை சட்டத்தில் ஏற, போபால் விபத்தும் 1987-ஆம் ஆண்டுத் திருத்தமும் வரவேண்டியிருந்தது.

வெளிக்காற்றுக்கான சட்டம் 1981-இல் வந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. ஆலைக்கு ஓர் ஆய்வாளர், தெருவுக்கு ஒரு வாரியம் என்று ஆனபின், சமையலறை யார் கணக்கிலும் சேரவில்லை. அதே 1981-இல் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இந்திய நண்பர்களும் குஜராத் கிராமப் பெண்களின் உடலில் காற்று மாதிரிக் கருவியைக் கட்டி அடுப்புப்புகையை அளந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது பூந்தமல்லி செல்லும் சாலையில் உள்ள போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி. பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டது.

இடுப்பில் சிறு பம்பு, தோளருகே 'சைக்ளோன்' எனும் குப்பி, அதன் மேல் வடிதாள்: அந்நாளைய கருவி இவ்வளவுதான். சைக்ளோன் காற்றைச் சுழலவைத்துப் பருமனான துகளைக் கீழே தள்ளிவிட்டு, நுண்ணியதை மட்டும் வடிதாளுக்கு விடும். வடிதாளை முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்தால் வரும் வித்தியாசமே தூசியின் எடை. விறகு எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை வந்தது. நாள் முழுதும் சராசரி பார்த்தால், சமைத்தவர்களுக்கு 231. அதே வீடுகளில் சமைக்காதவர்களுக்கு 90. எரிவாயு போன்ற எரிபொருள் இருந்த வீடுகளில் 82. ஒரே கூரைக்குக் கீழ் இருவர் இருவேறு காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள். அடுப்பின் வகையைவிட எரிபொருளும், சமையலறை அமைந்த இடமும், அதனருகே கழித்த நேரமும்தான் இந்த அளவைத் தீர்மானித்தன.

வடிதாளுக்கு ஒரு குறை உண்டு. நாளுக்கு ஓர் எண்தான் தரும்; எந்த நிமிடம் புகை ஏறியது என்று சொல்லாது. அதற்கு ஒளி தேவைப்பட்டது. தூசி மிதக்கும் காற்றில் ஒளிக்கற்றை பாய்ந்தால், துகள் பட்டு ஒளி சிதறும். சிதறிய ஒளியை ஓர் ஒளியுணரி மின்துடிப்பாக மாற்றும். ஸ்மித்தின் பெர்க்லி குழு வீட்டுத் தீயெச்சரிக்கைக் கருவியின் உள்ளுறுப்பையே எடுத்து, பதிவுக்கருவி சேர்த்து, மலிவான சமையலறை மானியாக்கியது. வந்த யோசனைகளில் இதுவே சாமர்த்தியமானது. பிறகு வடிதாளும் ஒளியுணரியும் ஒரே பெட்டிக்குள் வந்தன. போரூர் குழு பங்கேற்ற, சிலருக்கு எரிவாயு வழங்கிப் பார்த்த ஹேப்பின் எனும் ஆய்வில், இந்தியா உட்பட நான்கு நாடுகளைச் சேர்ந்த 3,200 கர்ப்பிணிகளிடம் நுண்துகள் அளக்கப்பட்டது. எரிவாயு பெற்றவர்களின் அளவு 24, பெறாதவர்களுக்கு 71. எனினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்தது அதுவல்ல, வெளியிடத் தயங்கவும் இல்லை.

லேசரும் சிறு விசிறியும் கொண்ட உணரிகள் இன்று தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியவை; அம்பத்தூர் அடுக்ககத்துக்கும் ஆவடித் தனிவீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலைதான். ஆனால் அவை எடை பார்ப்பதில்லை; சிதறிய ஒளியிலிருந்து எடையை ஊகிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால், சரிசெய்யாத கருவி இல்லாத மாசைக் காட்டும். தாளிப்புப் புகையையும் முகப்பவுடரையும் பிரித்தறியவும் அதற்குத் தெரியாது. கொசுவர்த்தி விஷயத்தில் அது மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம்: ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

காட்டும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பது வேறு சிக்கல். பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு 2009-இல் வகுக்கப்பட்ட 24 மணி நேர வரம்பான 60 மைக்ரோகிராம் வெளிக்காற்றுக்கு உரியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதற்குச் சொன்ன அளவு 15. அது வீட்டுக்குள்ளும் பொருந்தும். ஆலைக்கான அட்டவணையோ எட்டு மணி நேர வேலையை வைத்துப் போட்டது. நாள் முழுதும் வீட்டிலிருக்கும் குழந்தைக்கு அது உதவாது.