இரண்டே இடைவெளி: இரட்டைப் பகா எண் ஆய்வில் சென்னை, வால்டேர், கும்பகோணம்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் 3550 படிகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நேர்ந்துகொண்டவர்கள் படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு ஏறுவார்கள். அந்தப் படிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து எரட்டோஸ்தெனிஸின் சல்லடையை அவற்றின்மேல் ஓட்டிப் பார்க்கலாம். 2ஆம் படியை விட்டு அதன் மடங்குகளான 4, 6, 8 எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. பிறகு 3ஐ விட்டு அதன் மடங்குகளுக்கு, அப்புறம் 5, 7, 11 என்று போய் 59இல் நிறுத்திவிடலாம். அடுத்த பகா எண்ணான 61இன் வர்க்கம் 3721. படிகள் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. ஆக, பதினேழே பகா எண்களை வைத்து மலை முழுவதையும் சலித்துவிட முடிகிறது. 1ஆம் படியைத் தள்ளிவிட்டால், பொட்டு விழாமல் எஞ்சுபவை 497. அவற்றில் நடுவே ஒரே ஒரு படி விட்டு இணையாக நிற்பவை 95 இணைகள். கடைசி இணை 3539, 3541. அதற்கு மேலே 3547 தனியாக நிற்கிறது. பாதை இன்னும் ஒன்பது படி நீண்டிருந்தால் 3557, 3559 என்ற இணையும் சேர்ந்திருக்கும்.

இப்படி இரண்டே இடைவெளியில் வரும் இரட்டைப் பகா எண்களுக்கு முடிவு உண்டா? பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் நிறுவி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இணைகளுக்கு அப்படியொரு நிறுவல் இன்றுவரை இல்லை. 1849இல் பிரான்சின் அல்ஃபோன்ஸ் த பொலிஞாக் ஒரு படி மேலே போய், எந்த இரட்டைப்படை எண்ணை இடைவெளியாகக் கொடுத்தாலும் அந்த இடைவெளியில் அடுத்தடுத்து வரும் பகா எண்கள் முடிவின்றிக் கிடைக்கும் என்று ஊகித்தார். அந்த ஊகம் வளர்ந்த வரலாற்றில் தென்னிந்தியாவின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை வழக்கமான புகழ்ச்சி உரைகளில் வருவதுபோல் இருக்காது.

புகழ்ச்சி உரைகள் ராமானுஜனிடம் தொடங்கும். அவர் அச்சில் வெளியிட்ட கட்டுரைகளில் இரட்டைப் பகா எண்களைப் பற்றியது ஒன்றுகூட இல்லை. பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் முக்கியமான சில தவறாகவும் இருந்தன. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை அநேகமாகப் பிசகின்றித் தரும் சார்பு ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். ரீமானின் சீட்டா சார்புக்குக் கலப்பெண் தளத்தில் சுழிகள் உண்டு என்பதை அந்தக் கணக்கு பொருட்படுத்தவில்லை. சிறிய எண்களுக்கு அது அழகாகப் பொருந்தும். எண்கள் பெரிதாகும்போது பிழை கட்டுக்குள் நிற்காது. மேதையின் தவறு என்று பூசி மெழுக வேண்டியதில்லை. ஹார்டியே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

ராமானுஜனின் உண்மையான பங்களிப்பு வேறொரு வாசல் வழியாக வந்தது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற பிரிவினைக் கணக்குக்காக அவரும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட கட்டுரையில்தான் பின்னாளில் வட்ட முறை என்று பெயர்பெற்ற உத்தி பிறந்தது. 200 என்ற எண்ணை 3972999029388 விதமாகப் பிரிக்கலாம் என்று கணிதர் மேக்மஹோன் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். அவர்களுடைய வாய்பாடு அந்த விடையை ஒற்றை இலக்கம் பிசகாமல் தந்தது. கூட்டல் வடிவில் அமைந்த எந்த எண் கேள்வியையும் ஒரு வட்டத்தின் மேலான தொகையீடாக மாற்றி, அந்த வட்டத்தில் எளிய பின்னங்கள் அமரும் இடங்களில் குவியும் எடையை அளப்பதே அந்த உத்தி. அதே 1918இல் ராமானுஜன் தனியாக எழுதிய இன்னொரு கட்டுரை சில முக்கோணவியல் கூட்டுத்தொகைகளைப் பற்றியது. இன்று அவை ராமானுஜன் கூட்டுத்தொகைகள் எனப்படுகின்றன. வட்டத்தின் எளிய பின்னங்களில் குவியும் எடையைக் கணக்கிட அவையே கருவி.

ராமானுஜன் 1920 ஏப்ரலில் காலமானார். 1923இல் ஹார்டியும் அவருடன் பணியாற்றிய லிட்டில்வுட்டும் அதே வட்ட முறையைப் பகா எண்கள் மேல் திருப்பினார்கள். இரட்டைப் பகா எண்கள் எத்தனை இருக்கும் என்பதற்கு முதன்முதலாக நம்பத்தக்க அளவு கிடைத்தது அப்போதுதான். அதைப் படிகளிலேயே சரிபார்க்கலாம்.

3550ஆம் படிக்கு அருகில் பகா எண்கள் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. அந்த எட்டு, 3550இன் இயல் மடக்கையான 8.17. ஒரு படியும் அதற்கு இரண்டு மேலே உள்ள படியும் ஒன்றையொன்று சாராமல் பகா எண்ணாகும் என்று கொண்டால், 67 இடத்துக்கு ஓர் இணை வரவேண்டும். ஆனால் அவை சார்ந்தவை. முதல் படி ஒற்றைப்படையாக இருந்தால் மற்றதும் தானாகவே ஒற்றைப்படைதான். ஆகவே 2ஐப் பொறுத்தவரை வாய்ப்பு இரட்டிக்கிறது. 3ஐ எடுத்துக்கொண்டால், இரண்டுமே 3இன் மடங்காகாமல் தப்ப மூன்று மீதிகளில் ஒரே ஒரு மீதிதான் இடம் தருகிறது. சாராமை இருந்தால் ஒன்பதில் நான்கு வந்திருக்கும். உண்மையில் கிடைப்பது மூன்றில் ஒன்று, அதாவது அதன் முக்கால் பங்கு. 5ஐப் பொறுத்தவரை பதினாறில் பதினைந்து பங்கு. 7க்கு முப்பத்தாறில் முப்பத்தைந்து. எல்லாப் பகா எண்களுக்கும் இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் 1.3203 என்ற மாறிலியில் போய் நிற்கும். அந்த மாறிலியை வைத்து 3550 வரை தொகையிட்டால் ஹார்டி–லிட்டில்வுட் மதிப்பீடு 103 இணைகள் என்கிறது. மெய்யான எண்ணிக்கை 95. எண்கள் பெரிதாகும்போது பொருத்தம் வியப்பூட்டும்: பத்துக் கோடிக்குக் கீழே உள்ள இணைகள் 440312, மதிப்பீடோ 440368.

இந்த மாறிலி இடைவெளியைப் பொறுத்து மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். இடைவெளி 2க்குப் பதில் 6 ஆனால், 3ஐப் பொறுத்த பங்கு முக்காலிலிருந்து ஒன்றரையாக ஏறிவிடும். 6 இடைவெளியுள்ள பகா இணைகள் 2 இடைவெளியுள்ளவற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கக் காரணம் இதுவே. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் வரும் இந்தத் திருத்தத்தை எழுதினால் கிடைப்பது ராமானுஜன் கூட்டுத்தொகைதான். துறைமுகக் கழகத்தின் எழுத்தர் பகா எண்களைப் பற்றி நேரடியாகச் சொன்ன வாய்பாடு பிசகியது. பிரிவினைக்காகவும் முக்கோணவியலுக்காகவும் அவர் செய்தது பகா இணைகளின் மையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தொடர்பை மிகத் துலக்கமாக எடுத்துக் காட்டியவர்கள் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இருவர். பின்னாளில் வேலூர் விஐடியில் பணியாற்றிய எச். கோபாலகிருஷ்ண காடியாரும் ஆர். பத்மாவும் 1999இல், கணித ஆய்விதழில் அன்றி இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரைச்சல் நிறைந்த ஒரு குறிகையில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் வீனர்–கின்ட்சின் வாய்பாட்டைப் பயன்படுத்துவார்கள். பகா எண்களையும் அப்படிப்பட்ட குறிகையாகக் கொண்டு, அவற்றை ராமானுஜன் கூட்டுத்தொகைகளின் தொடராக விரித்து, அந்த வாய்பாட்டைப் பொருத்தினால் ஹார்டி–லிட்டில்வுட் ஊகம் சில வரிகளில் வந்து விழுகிறது. அந்த வாய்பாட்டை இங்கே பொருத்துவதற்கு உரிமை உண்டா என்பதுதான் நிறுவப்படாத பகுதி. முழுச் சிக்கலும் அந்த ஒரு புள்ளியில் ஒதுங்கி நிற்கிறது. ஊகத்தை நிறுவாவிட்டாலும், அது ஏன் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கட்டுரை வேறொன்று என் பார்வைக்கு வந்ததில்லை.

நிறுவலை நோக்கிப் போன பாதை வேறு. அது சல்லடைப் பாதை. நார்வேயின் விகோ புரூன் 1919இல் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளை எல்லாம் கூட்டினால் அது ஒரு வரம்பைத் தாண்டாது என்று நிறுவினார். எல்லாப் பகா எண்களின் தலைகீழிகளையும் கூட்டினால் வரம்பின்றிப் பெருகும் என்று ஆய்லர் முன்பே காட்டியிருந்தார். அதோடு ஒப்பிட்டால் இணைகள் எவ்வளவு அரிதானவை என்பது புரியும். புரூன் மாறிலியின் மதிப்பு ஏறத்தாழ 1.902. அதை நுட்பமாகக் கணக்கிட முனைந்த அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லிதான் 1994இல் இன்டெல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழையைக் கண்டுபிடித்தார். 824633702441, 824633702443 என்ற இணையின் தலைகீழியில் அந்தக் குட்டு உடைந்தது. அந்தச் சில்லுகளை மாற்றித்தர நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. யாருக்கும் பயன்படாத கணிதம் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சல்லடையைச் செம்மையாக்கிச் சீனாவின் சென் ஜிங்ருன் 1973இல் வெகு அருகில் வந்துவிட்டார்: ஒரு பகா எண்ணோடு 2ஐக் கூட்டினால் பகா எண்ணோ, இரண்டே பகா எண்களின் பெருக்கலோ வரும் நிகழ்வுகள் முடிவற்றவை. அந்த ‘இரண்டே’ என்பதை ‘ஒன்றே’ ஆக்கச் சல்லடையால் முடியாது. ஓர் எண்ணுக்கு உள்ள பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று அதற்குத் தெரியாது. இரட்டைத்தன்மைத் தடை என்று இதைச் சொல்வார்கள்.

இந்தத் தடையை நேராகப் பார்த்து ஊகம் வகுத்தவர் சர்வதாமன் சௌலா. 1930களின் நடுவில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அதே ஆண்டுகளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ். எஸ். பிள்ளையோடு சேர்ந்தும் எழுதியவர். 1965இல் அவர் முன்வைத்தது இது: பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் +1, ஒற்றையாக இருந்தால் −1 என்று ஒவ்வோர் எண்ணுக்கும் குறி கொடுங்கள். 10க்கு 2, 5 என இரு காரணிகள், குறி +1. 12க்கு 2, 2, 3 என மூன்று, குறி −1. இப்படி ஒவ்வோர் எண்ணின் குறியையும் அதற்கு இரண்டு மேலே உள்ள எண்ணின் குறியோடு பெருக்கிச் சராசரி எடுத்துக்கொண்டே போனால், அது பூச்சியத்தை நெருங்கும். இரட்டைப் பகா ஊகத்தின் நெருங்கிய உறவு என்று இதைக் கொள்ளலாம். இரண்டுக்கும் குறுக்கே நிற்பது ஒரே தடை. கைசா மாட்டோமாக்கி, மக்சிம் ராட்சிவில் ஆகியோரின் வேலையை அடிப்படையாகக் கொண்டு டெரன்ஸ் டாவோ 2015இல் சௌலா ஊகத்தின் இரு எண் வடிவத்தை, சற்றே தளர்ந்த மடக்கைச் சராசரியில், நிறுவிவிட்டார். அந்தத் தடையில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்று அது.

இதற்கிடையே இடைவெளியைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. 2003இல் டேனியல் கோல்ட்ஸ்டனும் ஜெம் யில்தரமும் ஒரு பெரிய முடிவை அறிவித்தார்கள். அந்த முறை நம்ப முடியாத அளவுக்கு விளைச்சல் தருவதைக் கண்டு ஐயப்பட்டுப் பின்னோக்கித் தேடி, பிழைப்பகுதி ஒன்றின் மதிப்பீட்டில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்ட்ரூ கிரான்வில்லும் சென்னைக்காரரான கண்ணன் சௌந்தரராஜனும். யானோஸ் பிண்ட்ஸ் சேர்ந்தபின் 2005இல் நிறுவல் முழுமை பெற்றது: பகா எண்களுக்கிடையிலான இடைவெளி, சராசரி இடைவெளியின் எவ்வளவு சிறிய பங்கைவிடவும் குறைவாக முடிவற்ற முறை அமையும். இந்த வேலையைத் துறைக்குப் புதியவர்களும் பின்தொடரும்படி சௌந்தரராஜன் எழுதிய விளக்கக் கட்டுரை 2007இல் வெளிவந்தது. ஓட்டை கண்டுபிடிப்பதும் விளக்கி எழுதுவதும் விருதுப் பட்டியல்களில் இடம்பெறாத வேலைகள். இந்த வரலாற்றில் அவற்றின் எடை பெரிது.

2013இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இட்டாங் ஜாங், 7 கோடிக்கு மிகாத இடைவெளியில் பகா இணைகள் முடிவின்றி உண்டு என்று நிறுவினார். முடிவற்றது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உறுதியான ஓர் எண் வந்து நின்றது அதுவே முதல் தடவை. அந்த எண்ணைப் பலர் கூடிச் சில மாதங்களில் 4680 ஆக இறக்கினார்கள். அதே ஆண்டு இறுதியில் ஜேம்ஸ் மேனார்ட் வேறொரு வழியில் 600க்குக் கொண்டுவந்தார். 2014இல் அது 246 ஆனது. அந்த ஆண்டின் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு மேனார்டுக்கு. கும்பகோணத்தில் 32 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு வழங்கப்படும் அந்தப் பரிசை 2005இல் மஞ்சுள் பார்கவாவோடு சௌந்தரராஜன், 2006இல் டாவோ, 2016இல் மாட்டோமாக்கியும் ராட்சிவிலும் பெற்றிருக்கிறார்கள். பரிசுக் குழு இரட்டைப் பகா எண்களுக்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் இந்தச் சிக்கலில் அண்மையில் முன்னேறியவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

246க்குக் கீழே இறங்க, இன்னும் நிறுவப்படாத வேறு கருதுகோள்களைத் துணைக்கு அழைக்க வேண்டும். மிக வலிமையானதை எடுத்துக்கொண்டால் 6 வரை வரலாம். அதற்கும் கீழே 2க்கு வர விடாமல் தடுப்பது சௌலா பார்த்த அதே தடை.

2016இல் ராபர்ட் லெம்கே ஆலிவரும் சௌந்தரராஜனும் செய்தது வேறு வகையான வேலை. முதல் பத்துக் கோடிப் பகா எண்களில் 1இல் முடியும் பகா எண்ணுக்கு அடுத்த பகா எண்ணும் 1இல் முடிவது 46,23,042 தடவை. அடுத்தது 3இல் முடிவது 74,29,438 தடவை, 7இல் முடிவது 75,04,612 தடவை, 9இல் முடிவது 54,42,345 தடவை. தற்செயலாக இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபத்திரண்டரை லட்சம் இருந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒரு கணினியில் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய இந்தச் சாய்வை அதற்கு முன்பு இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. அதற்கு அவர்கள் தந்த விளக்கம் முழுவதும் 1923இன் ஹார்டி–லிட்டில்வுட் ஊகத்தின் மீதே நிற்கிறது. பத்துக் கோடிப் பகா எண்களின் தரவு அந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. ஊகத்துக்கு நிறுவல் இன்னும் வரவில்லை.