‘முடிவு’ என்னும் சொல்: தற்கொலை எண்ணத்தின் இலக்கணம்

தற்கொலைச் செய்தி எழுதுவதற்கென்று தமிழ் நாளிதழ்களுக்கு இரண்டு தொடர்கள் கைவந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ‘விபரீத முடிவு’. இலங்கையில் ‘தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்’. ‘கொலை’ என்ற சொல் காதில் விழாதபடி காக்கும் இடக்கரடக்கல் என்று இவற்றைப் பாராட்டுவோர் உண்டு. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தற்கொலை எண்ணத்தின் இயல்பை இத்தொடர்கள் திரித்துக் காட்டுகின்றன என்பதே என் வாதம்.

தமிழில் ‘முடிவு’ தீர்மானத்தையும் குறிக்கும், இறுதியையும் குறிக்கும். செய்தியில் இரண்டு பொருளும் சேர்ந்தே வந்து விழுகின்றன. ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தீர்மானத்துக்கு வந்தார், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பது வாசகருக்குக் கிடைக்கும் சித்திரம். எழுவாய் ‘அவர்’, பயனிலை ‘எடுத்தார்’.

வேதனையில் இருப்பவரின் பேச்சு இப்படி அமைவதில்லை. “செத்துடலாம்னு தோணுது”, “எங்கயாவது போயிடலாம் போல இருக்கு”, “தூங்கினா எழுந்திரிக்கவே கூடாதுன்னு இருக்கு.” வீட்டுத் திண்ணையிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இதே அமைப்புத்தான். ‘நான்’ இங்கே எழுவாயாக முன்வருவதில்லை. ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறது. பசிப்பது, குளிர்வது, வலிப்பது போல இந்த எண்ணமும் ஒருவருக்கு நேர்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ‘போயிடலாம்’ என்பதன் ‘-லாம்’ உறுதியைச் சொல்லும் விகுதியும் அன்று. தற்கொலை ஆய்வைத் தனித்துறையாக வளர்த்த அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் தற்கொலை எண்ணத்தின் மையத்தில் கண்டது தாங்கவொண்ணா மனவலியையும் இருமனத்தையும். சாக வேண்டும் என்பதும் யாராவது தடுக்க வேண்டும் என்பதும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஏடு படிக்காதவரின் வேற்றுமை உருபு இதை நம் தலைப்புச் செய்திகளைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று அங்கு இருந்தது. நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டுகளில் 2009 வரை போர் நீடித்தது, வறுமையும் மறைந்துவிடவில்லை. எல்லாரும் அசையாத் தீர்மானத்தோடு இருந்திருந்தால் இந்த வீழ்ச்சிக்கு இடமேது? நெருக்கடி வேளையைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிறகும் வாழ்கிறார்கள்.

செய்தி மொழியின் இன்னொரு கோளாறு மூன்றாம் வேற்றுமையில் இருக்கிறது. ‘தேர்வில் தோற்றதால்’, ‘கடன் தொல்லையால்’: பல காரணங்கள் பின்னிய ஒரு துயரை ‘ஆல்’ உருபு ஒற்றைக் காரணமாகச் சுருக்கிவிடுகிறது. அதே தேர்வில் தோற்ற வேறொரு பிள்ளை காலையில் இதைப் படிக்கும்போது, தோல்விக்கும் சாவுக்கும் இடையே நேர்க்கோடு போட்டுத் தரப்பட்டிருக்கிறது. வியன்னா சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதிவந்த ஆஸ்திரிய இதழ்கள் 1987இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளுக்கு இணங்கியபின் அத்தகைய நிகழ்வுகள் சட்டென்று குறைந்தன. அதே நாட்டில் நீடர்க்ரோட்டன்தாலரும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: எண்ணம் வந்தும் கடந்துவந்தவர்களைப் பற்றிய செய்திகள் தற்கொலை குறைவதோடு தொடர்புற்றிருந்தன. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் தற்கொலைக்கு முனையும்போது மூன்று சிறுவர்களால் தடுக்கப்படும் பாப்பகேனோவின் பெயரை இந்த விளைவுக்கு இட்டார்கள். நம் இதழ்களில் பாப்பகேனோக்கள் அரிது. பிழைத்தவர் செய்தியாவதில்லை.

கேட்பவர் பக்கம் வருவோம். “வாயைக் கழுவு”, “அபசகுனமா பேசாதே”, கொஞ்சம் கனிந்தால், “புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?” முதலிரண்டும் பேச்சை அடைக்கின்றன. மூன்றாவது, முடிவெடுத்துவிட்டவரோடு நடத்தும் வழக்காடல். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவர்மேல் இன்னொரு சுமை. நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சமும் பலருக்கு உண்டு. 2014இல் இதுகுறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டாசியும் குழுவினரும் அதற்கு ஆதாரம் காணவில்லை. கேட்பது எண்ணத்தைத் தணிக்கவும் கூடும் என்றார்கள்.

சட்டத்தின் மொழி மெல்ல அசைந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. குற்றவாளியாக நின்றவர் வேதனை நேர்ந்தவராகிறார். இங்கும் எழுவாய் ‘எனக்கு’ என்று மாறியிருக்கிறது எனலாம்.

இன்று பல தமிழ் இதழ்கள் இத்தகைய செய்தியின் அடியில் ஒரு கட்டம் போடுகின்றன: மாநில உதவி எண் 104, சென்னை ‘சிநேகா’ 044-24640050, சில இடங்களில் மத்திய அரசின் டெலி மானஸ் 14416. தலைப்பு ‘விபரீத முடிவு’ என்கிறது. கட்டமோ, பேசினால் மாறும் என்கிறது. ஒரே செய்திக்குள் இவை ஒன்றையொன்று மறுக்கின்றன. சரியாக எழுதப்பட்டிருப்பது அந்தக் கட்டம்தான், சின்ன எழுத்தில்.