எம்.எச்.எம். அஷ்ரப் (1948–2000)

எம்.எச்.எம். அஷ்ரப் 1989 முதல் 2000 வரை இலங்கைப் பாராளுமன்றத்தில் திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தின் உறுப்பினராக இருந்தவர். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர். 1994இல் அமைந்த சந்திரிகா குமாரதுங்க அரசாங்கத்தில் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சர். 1948 ஒக்டோபர் 23 அன்று சம்மாந்துறையில் பிறந்தார். கல்முனையில் வளர்ந்து படித்து, சட்டத்தரணியானார். கிழக்கில் அவரைப் பெரும்பாலும் மேடைப் பேச்சாளராகவும் கவிஞராகவும் நினைவுகூர்கிறார்கள். அவருடைய அரசியல் வாழ்வை விளங்கிக்கொள்ள அது போதாது. சிதறிக் கிடந்த ஒரு சிறுபான்மையின் வாக்கு எந்தச் சட்ட ஒழுங்கின் கீழ் பேரம் பேசும் பலமாக மாறும் என்பதைத் தம் தலைமுறையின் வேறெந்த முஸ்லிம் தலைவரைவிடவும் தெளிவாகக் கண்டவர் அவர். அவர் ஈட்டியவையும் அவரால் முடியாமற் போனவையும் அந்தப் பார்வையிலிருந்தே பிறந்தன.

அவருக்கு முன்னர் அம்பாறைக் கரையோர முஸ்லிம்கள் பாராளுமன்றத்தில் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அவர்களின் உறுப்பினர்கள் ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சி, தமிழரசுக் கட்சி என்று பிறர் கட்டிய வீடுகளில் தங்கியவர்கள். 1956இல் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் வென்று, பின்னர் அக்கட்சியை விட்டு விலகினார்கள். அஷ்ரப்பும் முதலில் தமிழ்க் கட்சியோடு சேர்ந்தே நடந்தார். 1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்துகொண்டபோது அதன் முன்னணிச் செயற்பாட்டாளர் அவர். அந்தக் கூட்டில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் எவரும் வெல்லவில்லை. கல்முனையை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே 1978 அரசியலமைப்பு வந்து தேர்தலின் அடித்தளத்தை மாற்றியது. தொகுதிவாரித் தேர்தல் போய் மாவட்டவாரி விகிதாசாரம் வந்தது. மருதமுனை, கல்முனை, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று வெவ்வேறு தொகுதிகளில் எண்ணப்பட்ட வாக்குகள் இனி ஒரே குவியலில் விழும். 1981 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம். எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஊருக்கு ஒரு தலைவர் என்ற பழைய முறையில் இந்த எண் உடைந்து போகும். மாவட்டம் முழுவதற்கும் ஒரு கட்சி இருந்தால் அது திரளும். 1981இல் காத்தான்குடியில் ஓர் இயக்கமாகத் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸை 1986இல் அஷ்ரப் தம் தலைமையில் எடுத்ததும், 1988இல் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சியானதும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டியவை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த வடக்கு–கிழக்கு மாகாண சபைத் தேர்தலில், 71 ஆசனங்களில் 17ஐ அக்கட்சி பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. துப்பாக்கிகளின் நடுவே, பலர் ஒதுங்கி நின்ற தேர்தல் அது. ஆயினும் தனிக் கட்சிக்கு வாக்குண்டு என்பது அதில் நிரூபணமாயிற்று.

புதிய முறையில் ஒரு தடை இருந்தது. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், பெறாத கட்சிக்கு ஆசனம் கிடையாது. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவை ஆதரிப்பதற்கு அஷ்ரப் வைத்த நிபந்தனை இந்த வெட்டுப்புள்ளியைக் குறைப்பது. தேர்தலுக்குச் சற்று முன்னர் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாக்கியது. பிரேமதாச 50.43 வீதத்தில் வென்றார். இவ்வளவு ஒடுங்கிய இடைவெளியில் ஒவ்வொரு சிறு ஆதரவும் எவ்வளவு கனத்தது என்பதை அந்த எண்ணே சொல்கிறது. 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களுடன் பாராளுமன்றத்துக்கு வந்தது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். முஸ்லிம்கள் நாற்பது வீதத்துக்கு மேலிருக்கும் திகாமடுல்லவில் 12.5 வீதம் ஒரு தடையே இல்லையே. அஷ்ரப் தம் ஆசனத்துக்கு அந்தத் திருத்தத்தை நம்பியிருக்கவில்லையே. உண்மைதான். அவருடைய கோரிக்கையின் பெறுமதியும் அங்கேதான் இருக்கிறது. அவர் கேட்டது தம் மாவட்டத்துக்கு ஒரு வீதியோ வேலைவாய்ப்போ அல்ல. வன்னி போன்ற இடங்களில் முஸ்லிம்கள் சிறு தொகையினராய் வாழ்ந்தும் குரல் பெறக்கூடிய ஒரு பொது விதி. அந்த விதி முஸ்லிம்களுக்கு மட்டும் உதவவில்லை. 2000ஆம் ஆண்டு 6 வீத வாக்குகளோடு 10 ஆசனங்களை அடைந்த மக்கள் விடுதலை முன்னணியும் அதன் பயனாளியே.

1994 ஓகஸ்ட் தேர்தல் இந்தக் கணக்கின் உச்சம். 225 ஆசனங்களில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் 7 பேரும் மலையக மக்கள் முன்னணியின் ஒருவரும் சேர்ந்தபோது அந்த எண் சரியாக நிறைந்தது. அஷ்ரப் அமைச்சரானார். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையையும் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பார்த்தவர், இப்போது அதிகாரத்தின் உள்ளே இருந்தார். போரால் கல்வி சிதைந்த கிழக்கு முஸ்லிம் மாணவர்களுக்கு 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தது. மறு ஆண்டே அது முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் வேரூன்றியது. அவர் விட்டுச் சென்றவற்றுள் காலத்தால் மிக உறுதியாக நிற்பது இதுவே. வயலும் கடலும் தவிர வேறு வழி தெரியாத கரையோரக் கிராமங்களில், பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வந்து பட்டம் பெறும் நிலையை அது உண்டாக்கியது.

அதிகாரத்துக்கு அருகில் போனதால் உரிமைக் கோரிக்கை மங்கியது என்பது அவர்மீது வைக்கப்படும் கடுமையான விமர்சனம். அதற்கு ஆதாரம் உண்டு: கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைச் சேர்த்த தென்கிழக்கு அலகு அதிகாரப் பகிர்வு யோசனைகளில் இடம்பெற்றதே தவிர நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த யோசனைத் தொகுதி முழுவதுமே 2000 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறாமல் நின்றுபோயிற்று. அந்தப் பழியை 7 உறுப்பினர் கொண்ட கட்சியின் தலைவர்மேல் ஏற்றுவது நியாயமில்லை. மதப் பெயரோடு ஒரு கட்சி அமைத்தது முஸ்லிம்களைத் தனிமைப்படுத்தியது என்ற குற்றச்சாட்டு இன்னும் ஆழமானது. அதை அவரே உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு. எல்லாச் சமூகங்களையும் சேர்க்கும் தேசிய ஐக்கிய முன்னணியை அவர் தம் இறுதிக் காலத்தில் தொடங்கியது அதற்குச் சான்று. அதை வளர்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 அன்று, பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் பறந்த ஹெலிகொப்டர் அரநாயக்கவில் ஊரகந்த மலையில் வீழ்ந்து அவரும் உடன் சென்றவர்களும் மரணமானார்கள்.

அவருடைய பெரிய குறை, தலைமையைத் தம்மோடு மட்டும் பிணைத்து வைத்தது. அவர் மறைந்த பின் கட்சித் தலைமையில் ரவூப் ஹக்கீமும் அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப்பும் சிறிது காலம் இணைந்து நின்று பின் பிரிந்தார்கள், அக்கரைப்பற்றில் ஏ.எல்.எம். அதாவுல்லாஹ் தேசிய காங்கிரஸை நடத்தினார். ரிஷாட் பதியுதீனும் தனிக் கட்சி கண்டார். ஒரே குவியலில் விழ வேண்டிய வாக்கு மறுபடி ஊர்வாரியாகப் பிளந்தது. 2016 மார்ச்சில் முஸ்லிம் காங்கிரஸ் தன் தேசிய மாநாட்டைப் பாலமுனையில் நடத்தியபோது கட்சியின் மரச்சின்னத்துக்கு இன்னும் ஆளுண்டு என்று காட்ட முடிந்தது. பிளவை மூட முடியவில்லை. அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. முகத்துவாரத்தை மணல் மூடியது, கரையைக் கடல் அரித்தது. அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அவருக்கு வாக்களித்த அதே கரையோர மீனவக் குடும்பங்கள்.